வயர் சொருகாமலே பேசும் பெட்டி: செமி-மாடுலர் சிந்தசைசர் பற்றி

9 ஜனவரி 2024. கேள்வி

"கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். கணினியில் இசை செய்து பழகியவன். கையால் திருகக்கூடிய அனலாக் கருவி ஒன்று வாங்க ஆசை. செமி-மாடுலர் வாங்கு என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது வியாபாரத் தந்திரமாகத் தெரிகிறது. முழு மாடுலருக்கு வசதி இல்லாதவனுக்குப் பாதிச் சாமான். சாதாரண கீபோர்டு போதும் என்பவனுக்கு வேண்டாத ஓட்டைகள். இந்த இரண்டுங்கெட்டானுக்கு யாராவது நியாயம் சொல்ல முடியுமா?"

9 ஜனவரி, இரவு

இரண்டுங்கெட்டான் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மற்றதைப் பேசலாம்.

சிந்தசைசர் என்றால் மின்சாரத்தைக் கொண்டு ஒலியை உண்டாக்கும் கருவி. அதன் முழு மாடுலர் வகையில் எதுவும் எதோடும் சேர்ந்திருக்காது. ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், அளவைக் கட்டுப்படுத்தும் ஆம்ப்ளிஃபையர், ஏற்ற இறக்கம் தரும் என்வலப் எல்லாம் தனித்தனித் தீவு. வயர் போடாவிட்டால் பெட்டி ஊமை. இதற்கு நேர் எதிர் 1970ல் வந்த மினிமூக். எல்லா இணைப்பும் உள்ளேயே முடிந்துவிட்டது. மேடையில் வைத்து சுவிட்சைத் தட்டினால் வாசிக்கலாம். எது எதோடு சேர வேண்டும் என்பதில் உங்கள் பேச்சு எடுபடாது.

செமி-மாடுலரில் தயாரிப்பாளர் உள்ளே ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார். பிடித்தால் அப்படியே போகலாம். பிடிக்காத இடத்தில் மட்டும் வயரைச் சொருகினால் அந்த இடத்தில் உள்ளிணைப்பு துண்டிக்கப்பட்டு நீங்கள் சொன்னது நடக்கும். ஆக, வயர் என்றால் மறுப்பு. மறுக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் எதிரில் ஒருவர் பேச வேண்டும். முழு மாடுலரில் அந்த ஆள் இல்லை. மினிமூக்கில் ஆள் உண்டு, அவர் காது கொடுப்பதில்லை.

நான் யார் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பினாங்கு, ஜெலுத்தோங். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் இன்னிசைக் குழுவுக்குக் கீபோர்டு. கைவசம் இருப்பது ஜப்பானின் கோர்க் நிறுவனம் செய்த எம்.எஸ்-20 என்ற செமி-மாடுலர், 1978ல் வந்த அசல் மாதிரி. ஈப்போவில் ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலிருந்து வந்தது.

10 ஜனவரி

எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறார்கள். எம்.எஸ்-20ன் முகப்பில் இடப்பக்கம் குமிழ்கள், வலப்பக்கம் வயர் சொருகும் ஓட்டைகளான ஜாக்குகள். ஆஸிலேட்டர் பகுதியிலும் இரண்டு ஃபில்டர்களிலும் ஒவ்வொரு குமிழ் இருக்கிறது, எம்.ஜி என்று கோர்க் பெயரிட்ட மெதுவான அலையை எவ்வளவு உள்ளே விடுவது என்பதுதான் அதன் வேலை. சுருதியில் விட்டால் அசைவு வரும், ஃபில்டரில் விட்டால் வாய் திறந்து மூடும். வலப்பக்கத்தில் 'டோட்டல்' என்ற ஜாக்கில் எதையாவது சொருகிப் பாருங்கள். அந்த நொடியிலிருந்து அதே குமிழ்கள் எம்.ஜி.யைக் கைவிட்டுப் புதிதாக வந்த மின்னழுத்தத்துக்கு ஊழியம் செய்யும். முகப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கருவியே மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கீபோர்டுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. எல்லாக் கீபோர்டிலும் அதைச் சுழற்றினால் சுருதி வளையும். எம்.எஸ்-20ல் எதுவும் நடக்காது. கோர்க்காரர்கள் அதை எதோடும் இணைக்காமல் ஒரு ஜாக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பழைய பெட்டி விற்பவர்கள் 'சக்கரம் வேலை செய்யவில்லை' என்று விலையைக் குறைத்துத் தந்தால் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

13 ஜனவரி

"முதல் செமி-மாடுலர் லண்டனின் வி.சி.எஸ்-3" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1969, பீட்டர் சினோவியெஃப், டேவிட் காக்கரல், டிரிஸ்ட்ரம் கேரி மூவரும் சேர்ந்து செய்த ஈ.எம்.எஸ் நிறுவனப் பெட்டி, அதுவரை சரி. ஆனால் அதில் வயருக்குப் பதில் 16க்கு 16 கட்டம் கொண்ட பலகையும் சின்னஞ்சிறு முளைகளும் இருந்தன. முளை குத்தாவிட்டால் சத்தமே வராது. கையடக்கமாக இருந்ததே தவிர, தன்னிச்சையாகப் பேசும் பெட்டி அல்ல அது. அதை முழு மாடுலரின் குறுக்கிய வடிவம் என்றுதான் சொல்வேன்.

நான் தொடங்குவது 1971ன் ஏ.ஆர்.பி 2600இல். ஆலன் ஆர். பெர்ல்மன் என்பவரின் முதலெழுத்துகள்தான் ஏ.ஆர்.பி. நாசாவின் ஜெமினி, அப்போலோ திட்டங்களுக்கு ஆம்ப்ளிஃபையர் வடிவமைத்த பொறியாளர். 2600இல் மூன்று ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், இரண்டு என்வலப், ஸ்பிரிங் எதிரொலி, பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர். பள்ளிகளையும் மனத்தில் வைத்துச் செய்ததால், ஒவ்வொரு ஸ்லைடருக்கும் கீழே அதற்குள் வழக்கமாக எது வந்து சேர்கிறது என்று முகப்பிலேயே அச்சடித்துவிட்டார்கள். மாணவன் எதையும் சொருகாமல் அச்சை வாசித்தே ஒலியின் வழியைப் பின்தொடரலாம். பிறகு ஒரு வயர், பிறகு இன்னொன்று. இன்று வரை இதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை. ஏ.ஆர்.பி 1981ல் மூடிவிட்டது. 2020ல் கோர்க் அதே 2600ஐ மறுபடி செய்து விற்றது.

13 ஜனவரி, பின்னிணைப்பு

மூக், புக்லா இருவரையும் விட்டுவிட்டேன் என்று புகார். விடவில்லை, அவர்கள் முழு மாடுலர்காரர்கள். 1964ல் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக், ஏறத்தாழ அதே காலத்தில் மேற்குக் கரையில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல். மூக் பியானோக் கட்டைகளை வைத்தார். புக்லா கட்டைகளே வேண்டாம் என்று தொடுதகடு வைத்தார். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 2016ல் வந்த ஜீரோ-கோஸ்ட் என்ற சிறிய செமி-மாடுலர் 'எந்தக் கரையும் இல்லை' என்று பெயரிலேயே சமாதானம் பேசுகிறது.

21 ஜனவரி

இதுவரை பேசியது தத்துவம். இப்போது துரு.

உள்ளே போட்ட வழி, வயர் சொருகினால் அறுகிறது என்றேனே, அது எங்கே அறுகிறது? ஜாக்கைத் திறந்து பார்த்தால் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இன்னொரு தகட்டில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் உள்ளிணைப்பு. பிளக் நுழைந்தால் நாக்கை மேலே தள்ளும், தொடர்பு விடும். எடுத்தால் நாக்கு பழைய இடத்தில் வந்து அமரும். செமி-மாடுலர் என்ற யோசனை முழுவதும் இந்த நாக்கின் ஒரு புள்ளித் தொடுதலில் தொங்குகிறது.

பினாங்கின் ஈரக்காற்றில் அந்தப் புள்ளி கறுத்துவிடும். அதுவும் கடலோர வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அறிகுறி விசித்திரமானது: வயர் போட்டால் எல்லாம் சரியாக வேலை செய்யும், எடுத்துவிட்டால் பெட்டி ஊமையாகிவிடும். வழக்கமாக வயர்தான் சந்தேகத்துக்குரியது என்று பழகிய நம் மூளை இதை ஏற்காது. என் பெட்டி இப்படி ஊமையானபோது ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். ஃபில்டர் ஐ.சி. என்ற சில்லு போய்விட்டது, கிடைக்காது, பெட்டியை எங்களிடமே விற்றுவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறும் பிளக் ஒன்றை ஒவ்வொரு ஜாக்கிலும் விட்டு விட்டு எடுத்தேன். பாதி வழியில் 'ங்ங்' என்று உயிர் வந்தது. நாக்கு உரசியதில் கறுப்பு போய்விட்டது, அவ்வளவுதான். ஐ.சி. இன்றும் பழையதே.

நிரந்தர வைத்தியம்: மின்தொடர்புகளைத் துடைக்கவென்றே விற்கும் கிளீனரைத் துளி அளவு பிளக் நுனியில் தடவி, சொருகிச் சுழற்றி எடுப்பது. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயைத் தயவு செய்து உள்ளே அடிக்காதீர்கள். தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும்.

22 ஜனவரி

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரியில் எம்.எஸ்-20 நுழையுமா என்று கேட்டவருக்கு: நுழையும், அலமாரி அந்த அளவுக்குப் பெரியதாக இருந்தால். அதன் விலைக்கு இன்னொரு சிந்தசைசர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் துணி உறையும்தான் என் ஏற்பாடு. அதைவிட முக்கியம், வாரம் ஒருமுறையாவது மின்சாரம் கொடுத்து வாசிப்பது. சூட்டுக்கு ஈரம் தங்காது.

28 ஜனவரி

தைப்பூச நெரிசல் தணிந்து தண்ணீர்மலைச் சாலை பழைய நிலைக்கு வந்துவிட்டது. 'வயர் என்றால் மறுப்பு' என்று முன்பு எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். கொஞ்சம் மேடைப் பேச்சாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நான் ஒரு வயரும் சொருகுவதில்லை. மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கும்போது யாரை மறுப்பது?

ஆனால் வேறொன்று தோன்றுகிறது. உள்ளே போட்ட வழி வெறும் வசதி என்று நினைத்திருந்தேன். அது ஓர் இசைக் கொள்கை. விசையை அழுத்தினால் ஒரு சுரம் தொடங்கும், தாக்கம், தணிவு, நிலைப்பு, விடுபாடு என்று நான்கு கட்டம் நடக்கும், சுரம் முடியும். இந்த நான்கு கட்டப் பிரிவினை 1965ல் இசையமைப்பாளர் விளாதிமிர் உஸ்ஸாசெவ்ஸ்கி மூக்கிடம் கேட்டு வாங்கியது; ஆங்கில முதலெழுத்துகளில் ஏ.டி.எஸ்.ஆர் என்று சுருக்கிப் பரப்பியது ஏ.ஆர்.பி. பியானோவுக்கு இது பொருந்தும். ஆர்கனுக்குப் பொருந்தும். நாகசுரத்தில் ஒரு சுரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு எந்த விசையை அழுத்துவது?

அதனால்தான் செந்தூர்... மன்னிக்கவும், செந்தூல் நண்பருக்குச் சொல்கிறேன்: உங்கள் காதில் நம் சங்கீதம் கொஞ்சமாவது ஊறியிருந்தால், மறுக்க வேண்டிய இடங்கள் உங்களுக்குச் சீக்கிரமே தட்டுப்படும். மற்றவர்களைவிட நமக்கு அந்த ஓட்டைகள் அதிகம் தேவை.

4 பிப்ரவரி

"போர்ட்டமெண்டோ குமிழைத் திருகினால் கமகம் வந்துவிடுமே" என்ற பதிலுக்கு ஒரு சுருக்க மறுப்பு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவைப்பதுதான் போர்ட்டமெண்டோ. அந்தக் குமிழுக்குப் பின்னால் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு ரெசிஸ்டரும் மின்னைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கின்றன. கெப்பாசிட்டர் நிரம்பும் விதம் எப்போதும் ஒன்றுதான்: முதலில் வேகம், இலக்கை நெருங்க நெருங்கத் தயக்கம். இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பவே தெரியாது. கமகத்தின் உயிர் அந்தத் தாண்டுதலில் இருக்கிறது.

பழைய கருவிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானவை. 1920 வாக்கில் வந்த தெரெமினில் காற்றில் கையசைத்துச் சுருதியைப் பிடித்தார்கள். 1928ன் ஒந்த் மார்த்தனோவில் விரலில் மோதிரம் மாட்டி, கட்டைகளுக்கு முன்னால் ஓடும் நாடாவை இழுத்தார்கள். 1930ல் பெர்லினில் டிரவுட்வைன் செய்த டிரவுட்டோனியத்தில் உலோகப் பட்டையின்மேல் கம்பியை அழுத்தினார்கள். வீணைக்காரர் ஒருவரை இவற்றின் முன்னால் உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார். பிறகு கட்டைகள் வென்றன, விற்பனையும் கூடியது, விரல் தோற்றது.

பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல் ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் பெட்டி டிபி-303, தாளப் பெட்டி டிஆர்-808, சிந்தசைசர் ஜூப்பிட்டர்-8 மூன்றையும் வைத்து ராகங்களைப் பதிவு செய்தார். அன்று விற்கவில்லை, 2010ல் மறுவெளியீடு வந்தபோது உலகம் துள்ளியது. சிகாகோவில் பிறந்த நடன இசையான 'ஆசிட் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தவர்' என்று அவருக்கு மகுடம் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; சிகாகோ இளைஞர்கள் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். ஆனால் 303இன் சறுக்கல் எப்போதும் ஒரே கால அளவில் நடப்பது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ராகத்தின் சாயலை வரவழைத்திருக்கிறார் பாருங்கள், அதற்கு மகுடம் கொடுக்கலாம்.

18 பிப்ரவரி

பாகான் டாலாமில் உறுமி மேளம் வாசிக்கும் தம்பி ஒருவர் உண்டு. தைப்பூச வேலைகள் முடிந்து ஓய்வாக இருந்தார். பெட்டியை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

எம்.எஸ்-20ன் வலப்பக்கத்தில் வெளி ஒலியை உள்வாங்கும் பகுதி ஒன்று இருக்கிறது. மைக் ஒலியைக் கொடுத்தால் அதன் சுருதியை மின்னழுத்தமாக மாற்றும், அளவின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகத் தரும், ஒரு வரம்பைத் தாண்டினால் தூண்டுதல் ஒன்றையும் அனுப்பும். மூன்றுக்கும் தனித்தனி ஜாக். 1978ல் இதை ஒரு சாதாரண விலைப் பெட்டிக்குள் வைத்த வடிவமைப்பாளர் ஃபூமியோ மியேடாவுக்கு என் வணக்கம்.

உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் 'ஊம்ம்' என்ற உறுமல் பிறந்து மேலேறி இறங்கும். தேய்க்கும் தோலுக்கு அருகில் மைக் வைத்தோம். முதல் முயற்சியில் பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் குதித்தது. காரணம் எளிது. அடியின் 'டக்' ஓசையில் எல்லா அலைவரிசையும் கலந்திருக்கிறது. எந்தச் சுருதி என்று தேடிப் பெட்டி ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே தாவியது. கீழ்வெட்டு, மேல்வெட்டு என்று இரண்டு குமிழ்கள் உண்டு. இரண்டையும் மெல்ல நெருக்கி, உறுமல் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளியைச் சுருக்கியபோது தாவல் அடங்கியது. சுருதி மின்னழுத்தத்தை ஆஸிலேட்டருக்கும், அளவு மின்னழுத்தத்தைத் தாழ்நிலை ஃபில்டருக்கும் வயர் போட்டேன். தம்பி தோலில் ஒருமுறை அழுத்தி இழுத்தார். ஒரு கண நேரம் பின்தங்கி, பெட்டியும் வாயைத் திறந்து நீளமாக முனகி மூடியது.

"அண்ணே, உங்கள் பெட்டி என் உறுமியைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறது."

விட்டது உண்மைதான். ஃபில்டரின் 'பீக்' குமிழை ஏற்றினேன், கொட்டாவி ஊளையானது. தெருவில் போன நாய் ஒன்று நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அவர் வேகமாக வாசிக்க வாசிக்கப் பெட்டி திணறியது. திணறும் இடத்தில்தான் சுவையே இருந்தது, ஏனென்றால் அது எங்கே தப்பும் என்று தெரிந்துகொண்டு அவர் வேண்டுமென்றே அங்கே இழுக்கத் தொடங்கிவிட்டார். நான் கட்டைகளைத் தொடவே இல்லை. நாள் முழுவதும் கீபோர்டு வாசித்தது ஓர் உறுமிக்காரர்.

19 பிப்ரவரி

ஒலிப்பதிவு கேட்கிறார்கள். கைப்பேசியில் எடுத்தது இருக்கிறது. பின்னணியில் ஒருவர் மீன் விலை பேசுவது இசையைவிடத் தெளிவாகக் கேட்கிறது. தரமாட்டேன்.

எம்.எஸ்-20 மினியிலும் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு: செய்யலாம். 2013ல் வந்த மினி, அசலின் 86 விழுக்காடு அளவு, ஜாக்குகள் 3.5 மில்லிமீட்டர். வெளி ஒலிப் பகுதி அப்படியே இருக்கிறது.

3 மார்ச்

மண்டபத்தில் அனலாக் வாசிக்க நினைப்பவர்கள் வேனையும் குளிர்சாதனத்தையும் கணக்கில் எடுங்கள்.

ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற மூக் முறையில் ஓர் அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான். வோல்ட் சமமாக ஏற, அலைவெண் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது டிரான்சிஸ்டரின் இயல்பான நடத்தை. அந்த நடத்தையோ வெப்பத்தைச் சார்ந்தது: அறை வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 விழுக்காடு. ஈடுகட்டாமல் விட்டால், நடுச் சுரத்திலிருந்து மூன்று ஆக்டேவ் தள்ளி வாசிக்கும்போது டிகிரிக்கு 12 சென்ட் நழுவும். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். வெளியே 32 டிகிரி, மண்டபத்துக்குள் 22. வித்தியாசம் பத்து. ஓர் அரைச்சுரத்துக்கும் மேலே போய்விட்டீர்கள், பாடகர் உங்களைப் பார்த்து முறைக்கிறார்.

இதற்காகத்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இரட்டை டிரான்சிஸ்டரும், சூடு ஏற ஏறத் தடையும் ஏறும் சிறப்பு ரெசிஸ்டரும் வைக்கிறார்கள். இவை இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் பலன். ஆகவே பெட்டியை மண்டபத்தில் இறக்கியதும் மூடியைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, அரை மணி நேரம் விட்டுவிட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். பந்தியில் உட்கார அந்த நேரம் சரியாக இருக்கும். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

10 மார்ச்

சுருதி என்றதும் தம்பூரா பேச்சு வந்துவிட்டது. பெங்களூர் ரேடல் நிறுவனம் 1970களின் இறுதியில் கொண்டுவந்த மின் தம்பூராவும் சிந்தசைசர்தான். யாரும் அப்படி அழைக்காததால் கச்சேரி மேடையில் எதிர்ப்பில்லாமல் ஏறிவிட்டது.

எம்.எஸ்-20ல் இரண்டு ஆஸிலேட்டர். ஒன்றை 131 ஹெர்ட்ஸ் சட்ஜமாக வைத்து, மற்றதைக் கட்டை கணக்குப்படி பஞ்சமமாக வையுங்கள். இரண்டேகால் விநாடிக்கு ஒருமுறை ஒலி மெல்ல விம்மும். கட்டைகளின் சமபங்குப் பஞ்சமம், 3க்கு 2 என்ற உண்மையான பஞ்சமத்தைவிட இரண்டு சென்ட் குறைவு என்பதால் வரும் விம்மல் அது. இரண்டாம் குமிழை மயிரிழை திருகினால் விம்மல் நீளும், நீண்டு நீண்டு நின்றுவிடும். மின்னழுத்தத்தில் பார்த்தால் மூக் முறைக் கணக்கில் வித்தியாசம் 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. காது அதைக் கேட்கிறது. என் பழைய மல்ட்டிமீட்டருக்கு அது பிடிபடவில்லை.

மலேசிய மின்சாரத்தின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். ஜி என்ற சுரம் 49. தரையிணைப்பு சரியில்லாத மண்டபத்தில் ஐந்து கட்டை ஆர்வலர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

24 மார்ச்

"இதெல்லாம் அமெரிக்கர், ஜப்பானியர் வரலாறு, நமக்கு என்ன பங்கு?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

ஒன்று. 1969ல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் மாடுலர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் 1972 வரை அதில் வேலை செய்தார்கள். நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து அண்மையில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 2023ல் தொகுப்பாக வெளிவந்திருக்கிறது, கேளுங்கள்.

இரண்டு. 1972ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அதே ஆண்டு இங்கேதான் நிறுவியது. அதே காலத்தில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கோலாலம்பூரில். பழைய மின்பலகைகளைத் திறந்தால் ஐ.சி.யின் முதுகில் 'மலேசியா' என்ற முத்திரையைப் பார்க்கலாம். என் அக்கா பள்ளி முடித்ததும் அப்படியொரு தொழிற்சாலையில் சேர்ந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சிலிக்கான் துண்டிலிருந்து கால்களுக்கு முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பொருத்தும் வேலை. வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்தாலும் கட்டம் தெரிகிறது என்பார். சிந்தசைசர்களில் அதிகம் புழங்கும் சிறு ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.கள் சாதாரணச் சந்தைச் சரக்குதான். இசைக்கென்று தனியாகச் செய்தவை அல்ல. அக்கா பொருத்திய கம்பி ஒன்று எங்கோ ஒரு கச்சேரியில் ஒலித்திருக்கும் என்று நான் சாதிப்பேன். "ஒலித்தால் எனக்கென்ன, கண் போனதுதான் மிச்சம்" என்று அவர் முடித்துவிடுவார்.

6 ஏப்ரல்

எதை வாங்குவது என்று செந்தூல் நண்பர் திரும்ப வந்து கேட்கிறார். விலையை நான் பேச மாட்டேன், அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கட்டைகளோடு வேண்டுமென்றால் எம்.எஸ்-20 மினி, அல்லது மூக் கிராண்ட்மதர். கட்டைகள் வேண்டாமென்றால் மூக் மதர்-32. எதுவானாலும் முதல் மாதம் வயர்களை உறையிலிருந்து எடுக்காதீர்கள். உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று முழுமையாகக் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போகலாம். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் ஜாலான் பாசார் பக்கம் உங்களுக்கு வசதி, எங்களுக்குப் பொறாமை.

20 ஏப்ரல்

அவர் மினி வாங்கிவிட்டார். நண்பரின் மதர்-32ஐ அதோடு இணைக்கலாமா என்பது புதுக் கேள்வி.

நேராக இணைத்தால் சுருதி ஒத்துவராது. மூக் முறையில் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் ஒரு வோல்ட் கூடும். கோர்க்கின் அந்நாளைய முறையில் வோல்ட் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. கீழ் ஆக்டேவின் அடியில் அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 60 மில்லிவோல்ட், மேல் ஆக்டேவின் உச்சியில் அரை வோல்ட்டுக்கு அருகே. சுரங்களை வரிசையாக அனுப்பும் பெட்டிக்குச் சீக்வென்சர் என்று பெயர்; இரண்டு மொழியும் தெரிந்த கோர்க் எஸ்.க்யூ-1 சீக்வென்சரை வாங்கினால், ஒரு வரிசையை மினிக்கும் மறு வரிசையை மதர்-32க்கும் ஒதுக்கிவிடலாம்.

தூண்டுதலும் தலைகீழ். மதர்-32 சுரம் தொடங்கும்போது மின்னழுத்தத்தை உயர்த்தும்; எம்.எஸ்-20க்குத் தரையோடு சேர்த்தால்தான் சுரம் தொடங்கும். அப்படியே சொருகினால் எதுவும் கெட்டுப்போகாது. சும்மா இருக்கும்போது எம்.எஸ்-20 கத்திக்கொண்டிருக்கும், மதர்-32 சுரம் வாசிக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். தாளத்துக்கு அது நன்றாகவே இருக்கிறது, செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.